வீட்டிற்கு வந்த செயற்கைச் சிறுநீரகம்

காரைக்குடியில் சிறுநீரகங்கள் பழுதுற்ற ஒருவர் இருப்பதாகக் கொள்ளுங்கள். டயாலிசிஸ் எனும் குருதித் தூய்மைக்காக அவர் வாரம் 3 முறை மருத்துவமனை செல்கிறார். முறைக்கு 4 மணி. ஆக 12 மணி நேரம். நலமான சிறுநீரகங்களோ வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கின்றன. இந்த இடைவெளியைக் குறைக்க அறிவியல் எடுத்த முயற்சிகளைக் காண்போம்.

1943இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றி உப்புக் கரைசலில் சுழலவிட்டார். குருதியின் கழிவுகள் அக்குழாயின் நுண்துளைகள் வழியே கரைசலுக்குச் சென்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிலையாகத் தங்கும் டெஃப்லான் குழாயைப் பொருத்தி இத்தடையை நீக்கினார். 1960களிலேயே நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கிவிட்டது.

1964இல் லண்டன் மருத்துவர் ஸ்டான்லி ஷால்டன், நோயாளி வீட்டிலேயே உறங்கும்போது சிகிச்சை நடக்க வழிசெய்தார். பின்னர், 1982இல் இத்தாலியின் பெருஜியாவில் புவோன்கிரிஸ்தியானி நாள்தோறும் சுமார் 2 மணி நேரச் சிகிச்சையைத் தொடங்கினார். 1994இல் கனடாவின் டொராண்டோவில் உல்டாலும் பியராட்டோசும் வாரம் 6 இரவு, ஏறத்தாழ 8 மணி நேரம் என்ற முறையை நிறுவினர்.

இரண்டில் எது மேல்? நாள்தோறும் செய்தால் உடலில் நீர் அதிகம் தேங்குவதில்லை. இதயத்தின் சுமை குறைகிறது. பாஸ்பேட்டோ உயிரணுக்களிலிருந்து மெல்லவே வெளிவரும். அதற்கு நீண்ட இரவு வேண்டும். 2010இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் வாரம் 6 முறை குறுகிய நேரச் சிகிச்சை பெற்றவர்களின் இதயத் தசைத் தடிப்பு குறைந்திருந்தது; இரத்தக் குழாய்ச் சிக்கல்களோ கூடின. 2011இல் வெளியான இரவு முறை ஆய்வில் பாஸ்பேட்டும் இரத்த அழுத்தமும் குறைந்தன; இதயத்திற்கான நன்மை உறுதிப்படவில்லை. அதில் பங்கேற்றோர் 87 பேரே.

இனி, காரைக்குடி வீட்டிற்குத் திரும்புவோம். நிமிடத்திற்கு 500 மில்லிலிட்டர் கரைசல் ஓடினால், 2 மணி நேரத்திற்கு 60 லிட்டர். இரவில் 300 மில்லிலிட்டராகக் குறைத்தாலும், 8 மணி நேரத்திற்கு 144 லிட்டர். இதற்கான தண்ணீரைத் தூய்மைப்படுத்துகையில் கழித்துவிடும் நீர் வேறு. மழைநீரை ஊருணியில் தேக்கி வாழ்ந்த செட்டிநாட்டில் இது சிறிய கணக்கா? மின்சாரமும் தடைபடலாகாது.

எனவே இங்கு வீட்டுச் சிகிச்சை வேறு வழியிலும் வளர்ந்தது. 1976இல் அமெரிக்காவில் மான்கிரிஃப், போபோவிச் ஆகியோர் வெளியிட்ட முறையில் வயிற்றின் உள்சவ்வே வடிகட்டி. பையிலுள்ள கரைசலை வயிற்றறையில் செலுத்தி, சில மணி நேரம் கழித்து வடிக்கிறார்கள், இயந்திரம் தேவையில்லை. தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இப்பைகளை வீட்டிற்கே வழங்குவதும் இடம்பெற்றது. ஆனால் இதிலும் தூய்மை தவறினால் வயிற்றறையில் தொற்று ஏற்படும்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே: அவசரமாகச் செய்யும் தூய்மை சிறுநீரகத்திற்கு ஈடாகாது, பொறுமையாக, அடிக்கடி செய்வதே இயற்கைக்கு அருகில் வரும். ஆயினும் எம்முறை ஒருவருக்குப் பொருந்தும் என்பதை அவரது மருத்துவரோடு, அவர் வீட்டுத் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.