ஆகுமானதும் ஆகாததும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரம் செய்பவன் நான், தமிழ்ச் சமணன். பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது, தேன்கூட ஆகாது என்று வளர்ந்தவன். ஆகவே அடுத்தவர் வீட்டு விலக்குகளும் எனக்குச் சுலபமாகப் புரியும் என்றொரு நினைப்பு இருந்தது.

விழிஞ்ஞத்தில் முஸ்லிம் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். கூட வந்தவர் தென்காசி ராவுத்தர். எனக்குப் பழமும் இளநீரும் தந்தார்கள். அவருக்குக் கணவாய் வறுவல் பரிமாறினார்கள். அவர் அதைத் தொடாமல் ஒதுக்கினார். வீட்டுக்காரர் முகம் சுண்டிப் போயிற்று. திரும்பும் வழியில், "ஒரே மார்க்கந்தானே ராவுத்தரே, கடற்கரைக்காரர் என்று இளப்பமா?" என்று கடிந்துகொண்டேன். "நயினாரே, உங்களுக்குத் தேன் மாதிரி எனக்கு இது. அவருக்கு ஹலால்தான், அதில் குற்றமில்லை" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகுதான் தேடிப் படிக்கலானேன். ஹலால், ஹராம் என்று இரண்டே பெட்டி என்றுதான் நாம் நினைக்கிறோம். சட்ட அறிஞர்களோ செயல்களை ஐந்தாகப் பிரிக்கிறார்கள். கட்டாயமானது பர்ளு, செய்தால் நன்மை தருவது சுன்னத்து, செய்யலாம், விடலாம் என்பது முபாஹ், தவிர்ப்பது நல்லது என்பது மக்ரூஹ், கடைசியில்தான் ஹராம். பன்றி, இரத்தம், தானாகச் செத்த ஆடுமாடு, மது இவற்றில் பேச்சே இல்லை. கடல் பிராணிகளில்தான் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனபி வழியில் மீன் இனம் மட்டுமே ஆகும். ஷாபி வழியில் அனுமதி விரிவானது. இமாம் அபூ ஹனீபா கூபா நகரத்துப் பட்டு வியாபாரி (நம்ம இனம்!). அவர் மறைந்த 767-ஆம் ஆண்டிலேதான் இமாம் ஷாபி பிறந்தார். அரபுக் கப்பல்கள் வந்த மலையாளக் கரையிலும் காயல்பட்டினம், கீழக்கரையிலும் ஷாபி வழி வேரூன்றியது. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி.

இன்னொன்று என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. பசியால் உயிர் போகும் நிலையில், விலக்கப்பட்டதையும் தேவையான அளவு உண்ணலாம் என்கிறது இஸ்லாம். எங்கள் நூல்களோ, தீராத பஞ்சத்தில் விரதம் கெடாமல் சல்லேகனை இருந்து உயிர்விட வழி சொல்கின்றன. எது உயர்வு என்று சொல்ல நான் யார்?

இந்தச் சட்டங்களைத் தமிழ்க் குடும்பங்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) முக்கியமானவர். அவருடைய ‘பத்ஹுத் தய்யான்’ அரபுத் தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறையில் அமைந்தது. எங்கள் ஸ்ரீபுராணம் மணிப்பிரவாளத்தில் இருப்பதாலேயே பலர் அதைத் தொடுவதில்லை. இதற்கும் அதே கதிதான். மொழி தமிழ், ஆனால் எழுத்து தெரியாததால் என் போன்றவர்களால் ஒரு வரிகூட வாசிக்க முடியாது.

இரண்டு வருஷம் கழித்து அதே வீட்டில் அடுத்த பெண்ணின் கல்யாணம். நானே முன்கூட்டிப் போய் விஷயத்தைச் சொல்லி வைத்தேன். ராவுத்தருக்கு நெய்மீன் தனியாக வந்தது. எனக்குப் பொழுது சாயுமுன்னே இலை போட்டுவிட்டார்கள்.