சங்கரதாஸ் சுவாமிகள்: மேடை அறிந்ததும் ஏடு அறியாததும்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தம் வரலாற்றை எழுதி வைத்தாரல்லர். அவர் காலத்துப் பம்மல் சம்பந்த முதலியாரோ தம் நாடகமேடை நினைவுகளைப் பல பாகங்களாக எழுதினார். எனவே சுவாமிகளை நாம் அறிவது பெரிதும் மாணவர் டி.கே. சண்முகம் முதலானோரின் நினைவு வழியேதான். ‘அபிமன்யு சுந்தரி’யை ஓரிரவில் எழுதி முடித்தார் என்பதும், அவருடைய கோர வேடத்தைக் கண்டு அஞ்சிய பெண்ணொருத்தியின் கரு கலைந்ததால் நடிப்பதையே விட்டார் என்பதும் இவ்வாறு வந்தவையே. பின்னதை வரலாறாகக் கொள்ளத் தயக்கம் எழுகிறது. முன்னதை, யாப்பில் ஊறிய அப்புலவருக்கு இயலாததென்று தள்ளுவதற்கில்லை. நாடகங்களின் தொகையும் 40 முதல் 68 வரை வேறுபடச் சொல்லப்படுகிறது; அச்சில் எஞ்சியவை குறைவே.

ஆயினும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ இன்றும் விடிய விடிய நடைபெறுகிறது. ஒத்திகையின்றி மேடையிற் சந்திக்கும் நடிகர்கள் அவர் பாட்டைப் பாடி, உரையாடலைத் தாமே இட்டு நிரப்புகின்றனர். அவற்றுள் சுவாமிகளின் சொல் எது, பின்வந்தோர் சொல் எது எனப் பிரித்தறிதல் எளிதன்று.