மாயக்கதைகளும் வளர்ந்தோர் கற்பனையும்

மாயக்கதைகள் சிறுவர்க்கே உரியவை என்பதும், அறிவு முதிர்ந்தோர் அவற்றைக் கைவிடுதலே முறை என்பதும் பொதுவாக நிலவும் கருத்துக்களாகும். இக்கருத்து தொன்மையானதன்று. ஐரோப்பியக் கதையிலக்கிய வரலாற்றை நோக்குமிடத்து, அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வலுப்பெற்றமை புலனாகும். வளர்ந்தோரும் சுவைத்த கதை எவ்வாறு பிள்ளைகளின் அறைக்குள் ஒதுக்கப்பட்டது, அதனை மீட்க முயன்றோர் எதன்பொருட்டு முயன்றனர் என்பன ஆராயற்பாலன.

1697 ஆம் ஆண்டில் சிண்டரெல்லா முதலிய கதைகளைக் கொண்ட தொகுதியைப் பாரிஸில் வெளியிட்ட சாள்ஸ் பெரோ, பிரெஞ்சு அக்கடமியின் உறுப்பினர். அறுபது வயதைக் கடந்தவர். அக்காலத்துப் பாரிஸ் நகரச் சீமாட்டிகளின் இலக்கியக் கூடங்களில் இத்தகைய கதைகளைச் சொல்லுதலும் கேட்டலும் கற்றோரின் பொழுதுபோக்காய் விளங்கின. ஜேர்மனியில் கிறிம் சகோதரர் 1812 இலும் 1815 இலும் வெளியிட்ட முதற்பதிப்பிலோ ஓவியங்கள் இல்லை; ஆராய்ச்சிக் குறிப்புக்களே இருந்தன. பெயரிற் பிள்ளைகளைச் சுட்டினும், அது அறிஞர் நோக்குடன் அமைந்த நூலே. 1823 இல் ஜோர்ஜ் குறூக்ஷாங்கின் ஓவியங்களோடு இலண்டனில் வெளிவந்த ஆங்கிலத் தெரிவும், 1825 இல் கிறிம் சகோதரரே ஐம்பது கதைகளைத் தெரிந்து வெளியிட்ட சிறு பதிப்புமே அக்கதைகளைக் குடும்பங்களின் நூல்களாக்கின.

கதை பிள்ளைகளின் உடைமையானதும், அதனைப் போதனைக் கருவியாக்கும் முயற்சியும் தொடர்ந்தது. 1853 இல் அதே குறூக்ஷாங்க், மதுவிலக்கில் தாம் கொண்ட பற்றினாற் பழங்கதையொன்றை மதுவிலக்குப் பிரசாரமாக மாற்றி எழுதினார். அவருடைய நண்பரும், அவர் ஓவியம் வரைந்த 'ஒலிவர் ருவிஸ்ற்' நாவலின் ஆசிரியருமான சாள்ஸ் டிக்கன்ஸ், தம் வார இதழில் அவ்வாண்டு ஒக்டோபர் 1 ஆம் திகதி இதனைக் கண்டித்தெழுதினார். பயன்பாடே யாவற்றுக்கும் அளவுகோலாகிவிட்ட காலத்திலேதான் மாயக்கதைகளைச் சிதையாமற் பேணுதல் மிகவும் இன்றியமையாதது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டில் வெளிவந்த 'கடின காலம்' என்னும் நாவலில், கற்பனையை விலக்கித் தரவுகளை மட்டும் ஊட்டும் கல்வி மனிதரை எவ்வாறு வறுமைப்படுத்துகின்றது என்பதை அவர் காட்டினார். ஆதலின் அவருக்கு இது பாலர் நூல் பற்றிய பிணக்கு மட்டுமன்று. கைத்தொழிற் சமுதாயத்தில் மனிதன் எத்தகையவனாய் வளர்வான் என்பது பற்றிய வினாவுமாகும்.

இவ்வினாவுக்குக் கோட்பாட்டு நிலையில் விடை கூறியவர்களுள் ஒக்ஸ்போட் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். ரோல்கீன் முதன்மையானவர். 1939 மார்ச் 8 ஆம் திகதி ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், மாயக்கதைக்கும் சிறுவர்க்கும் உள்ள தொடர்பு வரலாற்றுத் தற்செயலே என்றார் அவர். வளர்ந்தோர் விரும்பாத பழைய தளபாடம் பிள்ளைகளின் அறைக்குச் செல்வதுபோலவே இக்கதைகளும் சென்றன என்பது அவர் கூற்று. பழக்கத்தால் மங்கிய பொருள்களைப் புதிதாய்க் காணச் செய்தலே மாயக்கதை தரும் பெரும்பேறுகளுள் ஒன்று என அவர் கொண்டார். இக்கதைகள் யதார்த்தத்தினின்றும் தப்பியோடச் செய்வன என்ற குற்றச்சாட்டுக்கு, சிறைப்பட்டவன் விடுதலை நாடுவதும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதும் ஒன்றாகா என விடையிறுத்தார்.

தமிழிலும் இதற்கு ஒப்பான நிலையைக் காணலாம். சிறுவர் கதையாகப் பெரிதும் வாசிக்கப்படும் 'பரமார்த்த குரு கதை', தமிழ் கற்கும் ஐரோப்பியர்க்கென வீரமாமுனிவர் இயற்றியதாகும். அது 1822 இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர உரைநடையும் சென்னைக் கல்விச் சங்கத்துச் சூழலில், மொழி பயிலும் அதிகாரிகளின் தேவையையொட்டி எழுந்ததே. சிரிப்பும் வியப்பும் வளர்ந்தோர் கல்விக்கு இழுக்கெனக் கருதப்படாத காலம் நம்மிடையேயும் இருந்தது.

எனினும், குழந்தைக் கற்பனையைப் பேணுதல் குழந்தையைப்போல் எதனையும் நம்புதலன்று. கிறிம் சகோதரரின் முதற்பதிப்பில் வெண்பனி என்னும் சிறுமியைக் கொல்ல முயல்பவள் பெற்ற தாயே; 1819 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாயாக்கப்பட்டாள். குழந்தை அக்கதையைக் கேட்டு அஞ்சும், மகிழும். வளர்ந்தவர் அம்மாற்றம் ஏன் நிகழ்ந்ததென்றும், தாய்மை பற்றிய எந்தக் கருத்தைக் காக்க அது உதவிற்றென்றும் வினவ இயலும். வியக்கும் ஆற்றலை இழந்தவர்க்கு இக்கதையை மீண்டும் எடுத்து வாசிக்கும் எண்ணமே எழாது. வினவும் ஆற்றல் இல்லாதவர்க்கு அது காட்டும் உண்மை புலப்படாது. இவ்விரண்டையும் ஒருங்கே கொண்ட வாசகரிடமே பழங்கதை தன் முழுப் பொருளையும் வெளிப்படுத்துகின்றது. இளமையிற் கேட்ட கதைகளை மீண்டும் கற்பதன் பயனும் இதுவேயாகும்.