உறையில் இருந்த முத்திரை

போன வருடம் ஒரு சனிக்கிழமை, வடமேற்கு லண்டனில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவர் காலமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மகள் இங்கேயே பிறந்தவர். வீட்டை விற்க வேண்டியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே நான்கு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. "அண்ணா, இதுகளுக்கு ஏதாவது பெறுமதி இருக்கா?" என்று கேட்டார்.

நான் கணினித் துறையில் ஆலோசகன். பழைய இசைத்தட்டு சேர்ப்பது என் பைத்தியம். கைபேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டின் எண்ணையும் தேடிப் பார்த்தேன். மாலைக்குள் கணக்கு வந்தது. மொத்தம் 162 தட்டுகள். 19க்கு இணையத்தில் நல்ல விலை இருந்தது. மற்ற 143இல் சிலவற்றுக்கு மூன்று நான்கு பவுண்டு. பலவற்றுக்குப் பதிவே இல்லை. அந்த 143தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கையில் இருக்கும் தட்டு எது என்று அறிவது, இந்தத் தொழில் தொடங்கிய நாளிலிருந்தே உள்ள சிக்கல். 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது, இந்தியாவில் தட்டு அச்சிடும் ஆலை கிடையாது. பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலேறின. அங்கே இருப்பவர்களுக்கு எந்தக் குரல் யாருடையது என்று எப்படித் தெரியும்? அதனால் பாடி முடித்ததும் கௌஹர் ஜானே தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். என் தொழிலில் இதை மெட்டாடேட்டா என்போம். அன்று அது பாட்டோடு சேர்ந்து தட்டிலேயே பதிந்திருந்தது.

பழைய தட்டுக்கு விலை என்று ஒன்று வந்த விதமும் விசித்திரமானது. 78 வேகத்தில் சுழலும் தட்டுகளுக்கு அரக்குதான் மூலப்பொருள். அதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. போர்க்காலத்தில், 1942இல், அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும் என்று நிறுவனங்கள் சொல்லத் தொடங்கின. வாங்கிய பழசை உடைத்து உருக்கினார்கள். அந்தத் தட்டில் யார் பாடினார் என்பது யாருக்கும் பொருட்டாக இல்லை.

தட்டைத் தட்டாகவே மதித்து வாங்கி விற்ற இடங்களும் இருந்தன. சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி இருந்த மூர் மார்க்கெட் அவற்றில் ஒன்று. பழைய புத்தகம், பழைய ரிக்கார்டு, வளர்ப்புக் கிளி எல்லாம் அங்கே கிடைக்கும். அப்பா மாதச் சம்பளம் வாங்கியதும் நேரே அங்கேதான் போவாராம். அங்கே வந்த தட்டுகளில் பல, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டும் சவுண்டு சர்வீஸ்காரர்கள் ஓட்டித் தேய்த்தவை. அதனால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தட்டைச் சாய்த்து வெயிலில் பிடித்தால் கீறல் தெரியும். கீறலின் மேல் நகத்தை ஓட்டினால், நகம் எங்கே தடுக்குகிறதோ அங்கே ஊசியும் தடுக்கும். அரக்குத் தட்டை விரல் கணுவால் மெல்லத் தட்ட வேண்டும். ஓசை கணீரென்று வந்தால் முழுசு. மொத்தையாக வந்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது. இதையெல்லாம் அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் விற்றவரேதான். கற்றுக்கொடுத்துவிட்டு விலையையும் ஏற்றிச் சொல்வாராம்.

1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கடைகளைப் பக்கத்தில் வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். அதற்குள் கேசட் வந்து, வீட்டில் இருந்த தட்டுகளும் பரணுக்குப் போய்விட்டிருந்தன.

நான் முதுகலைப் படிப்புக்கு லண்டன் வந்தபோது சோஹோவின் பெர்விக் தெருவில் பழைய தட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடையில் 'பாலிவுட்' என்று எழுதிய பெட்டியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுத் தட்டைக் கண்டெடுத்தேன். கடைக்காரருக்கு எழுத்துப் படிக்கத் தெரியவில்லை. விலை 1 பவுண்டு. மூர் மார்க்கெட்டில் இது நடந்திருக்காது. நேரில் வாங்குவதென்றால் எதிரே நிற்பவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்த் தட்டைப் பொறுத்தவரை புலம்பெயர்ந்த ஊர்களில் அந்த ஆள் கிடைப்பது அபூர்வம்.

அந்தக் குறையைத்தான் இணையம் தீர்க்க வந்தது. தொலைவிலிருந்து விற்பதென்றால் கண்ணும் நகமும் செய்த வேலையைச் சொற்கள் செய்தாக வேண்டும். அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய கோல்ட்மைன் இதழின் தர வரிசைதான் இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது. மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று அது இறங்கும். இதில் 'குட்' என்றால் கரகரவென்று ஒருமாதிரி ஓடும் என்று அர்த்தம். 1995இல் ஈபே வந்தது. மறு வருடமே, வாங்கியவர் விற்றவருக்கு மதிப்பெண் போடும் முறை வந்து, முகம் பார்த்து நம்புவதற்குப் பதிலாயிற்று. 2000இல் கெவின் லெவாண்டோவ்ஸ்கி என்ற நிரலாளர் மின்னணு இசைத் தட்டுகளைப் பட்டியலிட டிஸ்காக்ஸ் தளத்தைத் தொடங்கினார். பின்னாளில் அது சந்தையாகவும் ஆனது. ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளைக்கூட, தட்டின் நடுவே பொறித்த எண்ணை வைத்து அது பிரித்துக் காட்டும். கடைசியாக என்ன விலைக்குப் போனது என்றும் சொல்லும்.

எனக்கு அதனால் நன்மையே. அப்பா தொலைத்த ஒரு கதைவசனத் தட்டைப் பினாங்கில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். எந்தக் கடையில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. இளையராஜாவின் தட்டுகளுக்கு வெளிநாட்டு டிஜேக்கள் போட்டி போடுவதையும் அங்கேதான் பார்த்தேன். பிளாக் ஐட் பீஸ் 2003இலும் எம்.ஐ.ஏ. 2007இலும் அவர் இசையை எடுத்தாண்டவர்கள். பெரியவரின் பெட்டியில் விலைபோன 19இல் 14 இளையராஜாதான்.

விலை போகாதவற்றில் நாதசுரம், பக்திப் பாட்டு, கதைவசனம், பழைய படப்பாட்டு எல்லாம் இருந்தன. அவற்றில் 31 உறைகளில் ஒரே மாதிரி ஊதா நிற ரப்பர் முத்திரை: யாழ்ப்பாணத்து ஒலிபெருக்கிக் கடை ஒன்றின் பெயர். ஓர் உறையின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: "77 தேர். இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டில் ஊசி பாயும்."

மகள் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அப்பாவின்ர எழுத்து" என்றார். அவருக்குத் தெரிந்த அப்பா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஊரில் ஒலிபெருக்கி கட்டினார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தத் தட்டுக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. விலை 4 பவுண்டு. ஆனால் தர வரிசையின்படி உறையில் எழுத்து இருந்தால் அது பழுது, விலை குறையும். தரவுத்தளத்தை வடிவமைப்பவன் என்ற முறையில் எனக்கு இதன் காரணம் புரிகிறது. அங்கே நிரந்தரப் பக்கம் இருப்பது பதிப்புக்கு. தனித் தட்டைப் பற்றி விற்பவர் எழுதும் குறிப்பு, விற்றதும் சந்தையிலிருந்து போய்விடும். ஆயிரம் பேரிடம் உள்ள பாட்டு நிலைக்கிறது. ஒருவரிடம் மட்டும் இருந்த தட்டின் கதை நிலைப்பதில்லை.

19 தட்டுகளையும் இணையத்தில் விற்றோம். 600 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல் வந்தது. அரக்குத் தட்டுகளைத் தபாலில் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை, உடைந்துவிடும். தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்தேன். ஹாரோவிலிருந்து ஒரு முதியவர் பஸ் ஏறி வந்தார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எடுத்து விரல் கணுவால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். எனக்கு அப்பாவின் மூர் மார்க்கெட் ஞாபகம் வந்தது. 12 தட்டுகளை ஒதுக்கி, விலை பேசி, காசை எண்ணி வைத்தார். அப்புறம்தான் முத்திரையைப் பார்த்தார்.

"இந்தக் கடை எனக்குத் தெரியும் பிள்ளை" என்று தொடங்கினார். தேர்த் திருவிழாவுக்கு எத்தனை குழாய் கட்டுவார்கள், மழை வந்தால் தட்டுகளை எங்கே ஒளிப்பார்கள், கேசட் வந்தபோது சம்பளப் பாக்கிக்காக வேலைப் பெடியங்களுக்கு ரிக்கார்டுகளைக் கொடுத்தது எல்லாம் சொன்னார். தேநீர் இரண்டு முறை ஆறியது. மகள் கைபேசியில் பதிவு செய்துகொண்டார். போகும்போது முதியவர், "முத்திரை உள்ளதுகளை விக்காதேங்கோ" என்றார். தான் வாங்கியதில் அப்படி இருந்த இரண்டையும் திருப்பி வைத்துவிட்டு, காசை மட்டும் வாங்க மறுத்துவிட்டார்.

நம்மில் பலர் வீட்டிலும் இனி இப்படிப் பெட்டிகள் திறக்கப்படும். விலை பார்ப்பதில் தவறில்லை, நானே பார்த்தேன். பார்க்கும் முன் ஒவ்வோர் உறையையும் திருப்பி, இரண்டு பக்கமும் படம் எடுத்துவையுங்கள். எழுத்து யாருடையது என்று சொல்லக்கூடியவர் இருந்தால் அவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

மீதித் தட்டுகள் இப்போது என் வீட்டில். எக்செல்லில் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். எண், கலைஞர், ஆண்டு ஆகியவற்றுக்குப் பிறகு 'உறையில் உள்ளது' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். 40 வரிசை வரை வந்திருக்கிறேன்.