செங்கடற்கரையில் சாதன்

எகிப்து நாட்டின் செங்கடற்கரையில், இன்றைய குசைர் நகருக்கு வடக்கே எட்டுக் கிலோமீட்டர் அளவில் ஒரு மணல்மேடு கிடக்கிறது. ‘குசைர் அல்-கதீம்’, அஃதாவது பழைய குசைர் என்பது அதன் பெயர். மரமில்லை, குடிநீரில்லை. ஒருகாலத்தில் கலங்கள் வந்து தங்கிய உப்பங்கழியும் தூர்ந்து மேடாகிவிட்டது. 1978ஆம் ஆண்டு சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர் இணையர் இவ்விடத்தை அகழத் தொடங்கினர். கணவர் டொனால்டு விட்கம் இசுலாமியத் தொல்லியலில் வல்லவர். மனைவி ஜேனட் ஜான்சன் பண்டை எகிப்தியரின் டெமாட்டிக் எழுத்தில் தோய்ந்தவர். 1978, 1980, 1982 என மூன்று பருவங்கள் அங்கு அகழாய்வு நடந்தது.

அவ்வூருக்கு வாழ்வு இருமுறை வாய்த்தது. உரோமர் காலத்தில் துறைமுகமாய் விளங்கிப் பின் கைவிடப்பட்டு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆளற்றுக் கிடந்து, கி.பி. பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி மீண்டும் வணிகர் குடியேற உயிர்த்தது. இரு வாழ்வு கண்ட ஊரை இருவேறு துறையினர் அகழ்ந்தது நல்ல பொருத்தமே. வணிகர் வீடொன்றில் அரபு மொழிக் கடிதங்கள் கட்டுக்கட்டாய்க் கிடைத்தன. சாயமிட்ட இந்தியப் பருத்தித் துணிகளின் கிழிசல்களும் வறண்ட மணலில் மக்காமல் இருந்தன.

உரோமர் கால எச்சங்களிடையே வெளிப்பட்ட இரு பானை ஓடுகளே தமிழர்க்குரியவை. ஒன்றில் ‘கணன்’ என்றும் மற்றொன்றில் ‘சாதன்’ என்றும் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டளவு என்பர். ஈற்றில் நிற்கும் றன்னகர மெய் தமிழுக்கே உரிய எழுத்து. பிராகிருதத்திற்கு அது வேண்டுவதன்று. ஆதலின் மொழி எது என்பதில் ஐயமில்லை. இரட்டித்து எழுத வேண்டிய மெய்யை ஒற்றையாக விடுதல் அக்கால எழுத்து வழக்கு. எனவே கணனைக் கண்ணன் எனவும், சாதனைச் சாத்தன் எனவும் கொள்வர்.

சாத்தன் என்ற பெயர் தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று. மணிமேகலை ஆசிரியர் சாத்தனார். கோவலனின் தந்தை மாசாத்துவான். சாத்து என்றால் வணிகக் கூட்டம். பெயர்க்கும் தொழிலுக்கும் உள்ள இவ்வுறவை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் இயலாதெனினும், வணிகர் துறையில் கிடைத்த ஓட்டில் இப்பெயரைக் காணுங்கால் அதனை நினையாதிருத்தலும் அரிது. ஐயனார்க்கும் சாத்தன் என்பது பெயர். ஐயப்பனையும் தாங்கலாகிய ஏரியையும் ஊர்ப்பெயரிலேயே இணைத்து வைத்திருக்கும் ஐயப்பன்தாங்கல் மக்களுக்கு, நீரற்ற கரையில் கிடைத்த இச்சாத்தன் அத்துணை அயலானல்லன்.

அவன் வாழ்ந்த காலத்து அத்துறையின் நிலையை ஸ்டிராபோ எழுதியுள்ளார். மையோஸ் ஹார்மோஸ் துறையினின்று ஆண்டுதோறும் நூற்றிருபது கலங்கள் இந்தியாவிற்குச் சென்றன என்பது அவர் கூற்று. விட்கமும் ஜான்சனும் தாம் அகழ்ந்த இடத்தை லியூகோஸ் லிமென் என்ற வேறொரு துறையாகவே கருதினர். 1999 முதல் 2003 வரை சௌத்தாம்டன் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த எழுத்துச் சான்றுகள் அதுவே மையோஸ் ஹார்மோஸ் என்பதை நிறுவின. அங்கிறங்கிய சரக்கு ஒட்டகங்களின் முதுகேறி, ஹம்மாமாத் பள்ளத்தாக்கின் வழியே ஆறேழு நாள் நடந்து நைல் கரையிலுள்ள கோப்டோசை அடையும். வழிநெடுகக் காவற்கோபுரங்கள் உண்டு. துறையில் வாழ்ந்தோர்க்குக் கோதுமையும் பிறவும் கோப்டோசிலிருந்தே வரவேண்டும். முல்லையும் குறிஞ்சியும் வளங்குன்றிப் பாலையாகும் என்ற இலக்கணம் இங்கே செல்லாது. வளம் என ஒன்று இருந்தாலன்றோ குன்றுவதற்கு!

இவ்வோடுகளைக் கொண்டு எகிப்தையே தமிழர் ஆண்டனர் என்று மேடையில் முழங்குவோர் உளர். ஓடு அவ்வாறு கூறவில்லை. பெயர் பொறித்த பானை ஓரிடத்தில் கிடைத்தமையால் அப்பெயரினன் ஆங்கு வாழ்ந்தான் என்பதும் உடனே பெறப்படாது. சரக்கோடு பானையும் பயணம் செய்யும். எனினும், அங்கே கிடைத்த இந்தியக் கலங்களுள் அன்றாடம் சமைக்கவும் பரிமாறவும் ஆனவை உள்ளமை நோக்கத்தக்கது. விலைபோகாத சட்டியை யார் கடல்கடந்து விற்பர்? தன் கைக்குப் பழகிய கலத்தில் சமைத்துண்டவர் சிலரேனும் ஆங்குத் தங்கியிருந்தனர் எனக் கருதுவதற்கு இதுவே தக்க ஏது. எண்ணெய், இறைச்சி, மது ஆகியவற்றைக் குறிக்கும் பிராகிருத ஓடொன்றும் அங்கே கிடைத்துள்ளது. ஆக, தமிழர் மட்டுமே ஆங்குச் சென்றனர் என்பதும் பொருந்தாது. அரசரும் படையும் வாராத வரலாறு இது. அதனாலேயே இதன் மதிப்பு மிகுதி.

தெற்கேயுள்ள பெரனிகே துறையிலும் 1994இல் தொடங்கிய அகழாய்வு தமிழ்ப் பிராமி ஓடொன்றைத் தந்தது. இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோவிற்குக் குறையாத மிளகும் அங்கே கிடைத்தது. மிளகு பற்றிப் பலரும் எழுதிவிட்டனர்.

குசைரில் சௌத்தாம்டன் குழுவினர் கண்ட மற்றோர் ஓடே கவிஞர்கள் கருதத்தக்கது. 2007இல் ஐராவதம் மகாதேவன் அதன் வாசகத்தைப் ‘பானை ஒறி’ எனப் படித்து வெளியிட்டார். காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு. ஒறி என்பது இன்று நாம் வழங்கும் உறியே. கயிற்றுப் பின்னலில் தொங்கவிடும் பானை என்பது பொருள். ஆய்ச்சியர் வெண்ணெயை ஏற்றிவைத்த உறியைப் பாசுரங்களில் அறிவோம். எறும்பும் பூனையும் எட்டாதிருக்கப் பாட்டிமார் அடுக்களையில் கட்டிய உறியையும் அறிவோம். கொடையும் புகழும் பேசும் கல்வெட்டுகளில் இத்தகைய வீட்டுச்சொல்லைத் தேடிக் காண்பது கடினம். பானை இன்னது, அதனை வைக்கும் முறை இன்னது என்று ஒருவர் குறித்துவைத்த குறிப்பு இது. ஒரு பக்கம் எழுதியது போதாதென்று, மறுபக்கத்திலும் அதே இரு சொற்களை அவர் பொறித்திருக்கிறார்.