ரயில் பூச்சிக்கு ஒரு வவுச்சர்

நெமிலியில் எங்கள் பாட்டி வீடு நான் ஐந்தாவது படிக்கும் வரை கூரை வீடுதான். ஐப்பசி மழை பிடித்தால் போதும், கூரையிலிருந்து ரயில் பூச்சி பொத் பொத்தென்று விழும். பாயில் விழும், தண்ணிக் குடத்தில் விழும், ஒரு முறை என் ரசம் சாதத்திலேயே விழுந்தது. நான் செருப்பைத் தேடினால் பாட்டி கத்துவாள், "அடிக்காதடா, நாறும்!". அப்புறம் துடைப்பத்தால் எல்லாவற்றையும் முறத்தில் அள்ளி வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு வருவாள்.

ரயில் பூச்சி, மரவட்டை என்று நாம் சொல்லும் இந்த ஜீவனைப் பற்றி எழுத பி.காம் படிக்கிற எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது இந்தக் கதையில் முதலில் வந்து நின்றவரே ஒரு பொருளாதாரப் பேராசிரியர்! அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

தரங்கம்பாடி தெரியும்தானே? 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். அங்கே 1768-ல் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் வந்து சேர்ந்தார். செடி கொடிகளுக்கும் விலங்குகளுக்கும் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸின் மாணவர் இவர். சம்பளம் போதாமல் 1774-ல் ஆற்காடு நவாப்பிடம் இயற்கை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார். நம்ம வாலாஜாப்பேட்டைக்குப் பெயர் கொடுத்த அதே முகமது அலி வாலாஜாதான் அந்த நவாப். கோனிக் இங்கிருந்து அனுப்பிய பூச்சிகள் பல ஐரோப்பாவில் இன்னொரு லின்னேயஸ் மாணவரின் மேஜைக்குப் போயின. அவர்தான் யோஹான் கிறிஸ்டியன் ஃபேப்ரிசியஸ்.

ஃபேப்ரிசியஸ் சம்பளம் வாங்கியது பொருளாதாரம் சொல்லிக் கொடுக்க. முதலில் கோபன்ஹேகனில், பிறகு 1775 முதல் கீல் பல்கலைக்கழகத்தில். பூச்சி அவருக்குக் காதல். வாழ்நாளில் ஏறக்குறைய பத்தாயிரம் பூச்சி இனங்களுக்குப் பெயர் வைத்தார். அவருடைய பெரிய நூல் 1775-ல் வெளிவந்தது. அந்த நூலில்தான் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஒரு மரவட்டைக்கு யூலஸ் கார்னிஃபெக்ஸ் என்று பெயர் வைத்தார். தமிழ்நாட்டுக் கூரை வீடுகளில் கூட்டம் கூட்டமாகக் குடியிருப்பதாக ஆய்வாளர்கள் சொல்வது இந்தக் கருப்பு சிவப்பு மரவட்டையைத்தான். கார்னிஃபெக்ஸ் என்றால் லத்தீனில் தூக்கிலிடுபவன், கொலைத்தொழில் செய்பவன் என்று பொருள். மக்கிய இலையைத் தின்று, தொட்டால் சுருண்டு, மிஞ்சினால் மஞ்சளாக நாற்றத் திரவம் விடும் அப்பாவிக்கு இப்படி ஒரு பெயர் :-)

இன்று அதன் பெயர் செனோபோலஸ் கார்னிஃபெக்ஸ். முதல் பாதி ஏன் மாறியது? நம்ம கணக்குப் பதிவியல் பாஷையில் சொன்னால், பேரேட்டில் தலைப்பு மாறியதால். 1758-ல் லின்னேயஸ் மரவட்டைகளை எல்லாம் யூலஸ் என்ற ஒரே தலைப்பில் போட்டு, அவற்றை இறக்கை இல்லாத பூச்சிகளோடு சேர்த்துவிட்டார். 1802-ல் லாத்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் பூரானையும் மரவட்டையையும் பல காலிகள் என்று தனியாகப் பிரித்தார். 1844-ல்தான் மரவட்டைகளுக்கு மட்டும் 'இரட்டைக் காலிகள்' என்று பொருள்படும் டிப்ளோபோடா என்ற தனி வகுப்பு வந்தது. பூரானுக்கு உடல் வளையத்துக்கு ஒரு ஜோடி கால், மரவட்டைக்கு முன்பக்கத்துச் சில வளையங்களை விட்டால் பெரும்பாலும் வளையத்துக்கு இரண்டு ஜோடி. அதற்கப்புறம் இனங்கள் பெருகப் பெருக உள் தலைப்புகளும் பெருகின. தலைப்பு மாறினாலும் முதலில் பதிவு போட்டவர் பெயர் அழியாது. இனப்பெயருக்குப் பின்னால் ஃபேப்ரிசியஸ், 1775 என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். அடைப்புக்குறி இருந்தாலே 'இது முதலில் வேறு கணக்கில் இருந்தது' என்று அர்த்தமாம். எவ்வளவு நாணயமான கணக்கு பாருங்கள்!

சரி, ஒரு மரவட்டை இன்ன இனம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நிறத்தை வைத்தோ கால்களை எண்ணியோ முடியாது. (மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண் என்பது போல, ஆயிரங்காலிகள் என்று பெயர் வாங்கிய இந்தக் கூட்டத்தில் 2021 வரை ஒருவருக்கும் ஆயிரம் கால் இல்லை. அந்த ஆண்டுதான் ஆஸ்திரேலியாவில் சுரங்கத்துக்காகத் துளைத்த குழியில் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்கு 1306 கால்கள் எண்ணினார்கள்.) பெரும்பாலான மரவட்டைகளில் ஆணுக்கு ஏழாவது வளையத்துக் கால்கள் நடக்கும் காலாக இல்லாமல் இனப்பெருக்க உறுப்பாக மாறியிருக்கும். அதன் வடிவம் இனத்துக்கு இனம் மாறும், பூட்டுக்குப் பூட்டு சாவி மாறுவது போல. உருப்பெருக்கிக்கு அடியில் அதைப் பார்த்தால்தான் அடையாளம் உறுதி. பாட்டி முறத்தில் அள்ளியதில் ஆண் எது, பெண் எது என்று யார் பார்த்தது!

இங்கேதான் என் தலைப்புக்கு வருகிறேன். பிளஸ் ஒன்னில் எங்கள் அக்கவுண்டன்சி சார் அடிக்கடி சொல்வார், "வவுச்சர் இல்லாத என்ட்ரி வெறும் கதைடா". உயிரினப் பெயரிலும் இதே விதிதான். ஒரு புது இனத்துக்குப் பெயர் வைத்தால் எந்த உடலைப் பார்த்து வைத்தார்களோ அந்த உடலைச் சாராயத்தில் போட்டு அருங்காட்சியகத்தில் பாதுகாக்க வேண்டும். அதுதான் அந்தப் பெயரின் ஆதார மாதிரி. ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் 'நீ சொன்னது தப்பு' என்று சந்தேகப்பட்டால் போய்ப் பார்க்கலாம். தோல் தொழில் தெரிந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உரித்த தோலுக்கு உடனே உப்புப் போடாவிட்டால் மறுநாள் அது சரக்கே இல்லை.

இந்தியக் கணக்கில் பெரிய பதிவு 1936-ல் வந்தது. வியன்னாவைச் சேர்ந்த கார்ல் ஆட்டெம்ஸ் எழுதிய 'இந்திய மரவட்டைகள்' நூலைக் கல்கத்தா இந்தியன் மியூசியம் வெளியிட்டது. அதற்குப் பிறகு 2016-ல் கோலோவாச், வெசெனர் என்ற இருவர் மொத்தக் கணக்கையும் கூட்டிப் பார்த்தார்கள். இந்தியாவில் அறியப்பட்டவை சுமார் 270 இனங்கள். உலக அளவில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். எழுதாமல் விட்டது இதைப்போல் பல மடங்கு இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அந்தக் கணக்கைக் கூட்டிய இருவரில் ஒருவர் ரஷ்யர், இன்னொருவர் ஜெர்மானியர். நம் மண்ணின் பழைய ஆதார மாதிரிகள் பலவும் லண்டன், கோபன்ஹேகன், வியன்னா அலமாரிகளில்தான். பேரேடு நம்முடையது, வவுச்சர் கட்டு வேறு ஊரில்.

இனி இந்த வவுச்சர்களிலேயே பழையதைப் பார்ப்போம். அதுதான் ஆம்பர். (ஆம்பூர் இல்லைங்க, பிரியாணிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!) மரத்திலிருந்து வடியும் பிசினில் பூச்சி மாட்டிக்கொள்ளும். பிசின் மண்ணில் புதைந்து கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல்லாகும். உள்ளே பூச்சி அப்படியே இருக்கும். நாம் பூஜையில் போடும் குங்கிலியமும் மரப்பிசின்தான். குஜராத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 5 கோடி ஆண்டுப் பழைய ஆம்பர் குங்கிலிய மரக் குடும்பத்தின் பிசின் என்று 2010-ல் கண்டறிந்தார்கள்.

ஆம்பருக்குள் இருந்த மரவட்டைகளை முதலில் விரிவாக எழுதியது 1854-ல், பால்டிக் கடற்கரை ஆம்பரை ஆராய்ந்த கோக், பெரென்ட் என்ற இருவர். அடுத்தது பர்மா. வட பர்மாவின் ஹுக்காங் பள்ளத்தாக்கில் கிடைத்த ஆம்பரிலிருந்து 1917-ல் காக்கரெல் என்பவர் ஒரு குட்டி மரவட்டைக்குப் பெயர் வைத்தார். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவில்தான் இருந்தது. அந்த ஆம்பர் சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழையது என்பது 2012-ல்தான் உறுதியானது. டைனோசர் காலம்! 2018-ல் எண்ணிப் பார்த்தபோது, இன்றுள்ள 16 மரவட்டை வரிசைகளில் 13 அந்த ஆம்பரில் இருந்தன. 2019-ல் இன்னொன்று. வெறும் 8.2 மில்லிமீட்டர் நீளம். கல்லை உடைக்காமல் எக்ஸ்ரே மூலம் முப்பரிமாணப் படமெடுத்துப் பார்த்தார்கள். தெரிந்த எந்தத் தலைப்பிலும் அடங்கவில்லை. புது உள்வரிசையே தொடங்கி, பர்மனோபெட்டாலம் இனெக்ஸ்பெக்டாட்டம் என்று பெயர் வைத்தார்கள். எதிர்பாராதது என்று பொருள். அது இப்போது ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படித்து வியந்துகொண்டிருந்தபோதுதான் அடுத்த செய்தி கண்ணில் பட்டது. அந்த ஆம்பர் வரும் கச்சின் மாநிலத்தில் பல பத்தாண்டுகளாகச் சண்டை. 2017 ஜூனில் மியான்மர் ராணுவம் சுரங்கப் பகுதியைக் கைப்பற்றியது, அங்கிருந்தவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஆம்பர் விற்ற காசு சண்டைக்குப் போகிறது என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2020-ல் அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட தொல்லுயிரியல் சங்கம் ஒன்று, அந்தத் தேதிக்குப் பின் வாங்கிய மியான்மர் ஆம்பரை வைத்து எழுதிய கட்டுரைகளை வெளியிட வேண்டாம் என்று ஆய்விதழ்களுக்குக் கடிதம் எழுதியது. அறிவியல் நின்றுவிடும், அரிய கற்கள் தனியார் பெட்டிக்குள் போய்விடும் என்று எதிர்த்தவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கட்சி முதலாவதுதான். வவுச்சர் என்றால் பூச்சி மட்டும் அல்ல. அதை யார் தோண்டினார்கள், எப்போது வாங்கினார்கள், காசு யார் கைக்குப் போனது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு எப்படி டேலி ஆகும்?

பாட்டி வீட்டுக்கு இப்போது தளம் போட்டாகிவிட்டது. தெருவில் கூரை வீடு ஒன்றோ இரண்டோதான் மிச்சம். போன ஐப்பசியில் குளியலறை ஓரமாக ஒரே ஒரு ரயில் பூச்சி போய்க்கொண்டிருந்தது. பேப்பரில் எடுத்து, தேதியும் இடமும் குறித்து, போட்டோ பிடித்துக்கொண்டேன். ஆணா பெண்ணா என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை. பிறகு வழக்கம்போல வாழை மரத்தடியில் விட்டேன்.

பாட்டி கேட்டாள், "அதுக்குப் போயி போட்டோவாடா?"