யாருங்க இந்த ஸ்டெப்னி?

பொள்ளாச்சி ரோட்டுல தேங்காய் லோடு பிக்கப்ல லிஃப்ட் கேட்டு ஏறினேன். பின்சக்கரம் பஞ்சர். இருந்த ஸ்டெப்னியோ ஒரு சுத்து சின்னது. "இதைப் பின்னாடி போட்டா டிஃப்ரன்ஷியல் காலியாயிருமுங்க தம்பி." சின்ன சக்கரம் கூடுதலா சுத்தணும், நேர் ரோட்டுலயும் பல்லு தேயும். முன்சக்கரத்தைப் பின்னால மாத்தி, ஸ்டெப்னியை முன்னால போட்டார் டிரைவர் அண்ணன். ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்க, உருட்டிக்கிட்டே வந்தோம்.

ஸ்டெப்னிங்கறது ஒரு தெருப் பேருங்க! வேல்ஸ்ல லனெத்லி ஊர். 1904-ல டேவிஸ்ங்கறவர் அங்க செஞ்சது முழு சக்கரமே இல்லை. ஆரக்கால் இல்லாத ரிம், அதுமேல காத்தடிச்ச டயர். அப்பல்லாம் கார் சக்கரத்தைச் சட்டுனு கழட்ட முடியாது. பஞ்சரான சக்கரத்துக்குப் பக்கத்துலயே இதைக் கிளாம்ப் போட்டு மாட்டி ஓட்டணும். ஆக, மூல ஸ்டெப்னியே ஒட்டுப்போட்ட சமாச்சாரம்தான் (அண்ணன் மேல தப்பில்லை!).

கம்பெனி எப்பவோ போயாச்சு. பேர் மட்டும் பிரேசில்ல 'எஸ்டெப்பே', மால்டாவுலயும் நம்மூர்லயும் 'ஸ்டெப்னி'.